வாழும் மண்ணின் பட்டம்

(சால்ட் லேக்கில் வீட்டுக் காய்கறித் தோட்டம் குறித்து, நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா என்றால் இயலுக்கும் இசைக்கும் நாடகத்துக்கும் இடம் உண்டு. இவ்வாண்டு விழாக் குழுவினர் கத்தரிக்காய்க்கும் சிறிது இடம் ஒதுக்கியிருக்கின்றனர். அதற்காக அவர்களுக்கு நன்றி. வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசுமாறு பணித்தபோது, யாம் வேளாண்மை கற்றவர் அல்லோமே எனத் தயங்கினோம். “அதனால்தான் உங்களை அழைக்கிறோம், கற்றவர் பேசினால் கேட்பவர் அஞ்சுவர்” என்று செயலாளர் நகைத்தார். ஆகவே, வீட்டு முன்புறத்துச் சிறு நிலமும் ஒரு மொட்டை மாடியும் இத்தனை ஆண்டுகளில் எமக்குக் கற்பித்தவற்றை, சிறப்பாக யாம் செய்த பிழைகளை, உங்கள்முன் வைக்கிறோம்.

தலைப்பில் உள்ள ‘பட்டம்’ பல்கலைக்கழகம் தரும் பட்டமும் அன்று. சிறுவர் பறக்கவிடும் பட்டமும் அன்று. விதைப்பதற்குரிய பருவத்தையே உழவர் பட்டம் என்பர். அந்தப் பட்டத்தை அறியாமல் யாம் பட்ட பாடுதான் இவ்வுரையின் தொடக்கம்.

நாம் நிற்கும் மண்

முதலில், நம் காலடியில் இருப்பது எத்தகைய மண் என்பதை அறிதல் வேண்டும். சால்ட் லேக் என்னும் பெயரே சொல்லுகிறது, இது ஒரு காலத்தில் உவர்நீர் ஏரி. வித்யாதரி ஆற்றின் வழியே கடலின் உவர்நீர் ஏறி இறங்கிய சதுப்பு நிலம் இது. ஆறு தூர்ந்த பின்னர் நகரத்தின் கழிவுநீர் இங்கே வந்து சேர, மீன் வளர்க்கும் நீர்நிலைகளாயிற்று. நகரில் மக்கள் பெருகி இடம் போதாமற்போன காலத்தில், மேற்கு வங்கத்தின் முதலமைச்சர் டாக்டர் விதான் சந்திர ராய் இங்கே புதுநகர் அமைக்கத் துணிந்தார். 1962ஆம் ஆண்டில் நிலம் நிரப்பும் பணி தொடங்கிற்று. யூகோஸ்லாவிய நாட்டு நிறுவனம் ஒன்று, ஹூக்ளி ஆற்றின் அடியில் படிந்த வண்டலையும் மணலையும் நீரோடு கலந்து, நெடுங்குழாய்களின் வழியே கொணர்ந்து ஏரியில் கொட்டிற்று. நகரின் வரைபடத்தை வகுத்தவரும் அந்நாட்டுக் கட்டடக் கலைஞரான தோப்ரிவோயே தோஷ்கோவிச் என்பவரே. அவ்வாண்டு ஜூலை முதல் நாளே டாக்டர் ராய் மறைந்தார். அவர் பெயரால்தான் இந்நகர் விதான்நகர் எனப்படுகிறது.

இவ்வரலாற்றைத் தோட்டக்காரர் ஏன் அறிய வேண்டும் எனக் கேட்கலாம். கடப்பாறையால் ஓர் அடி தோண்டிப் பாருங்கள், விடை கிடைக்கும். நம் முற்றத்து மண் ஆற்றுப்படுகையின் மண். கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழிந்து ஓடும். நீர் ஊற்றினால் விரைவில் இறங்கிவிடும். இலைமக்கு இதில் குறைவு. வீடு கட்டியபோது சிதறிய செங்கல் துண்டும் சுண்ணாம்பும் வேறு கலந்திருக்கும். தஞ்சைக் களிமண்ணையோ கோவைக் கரிசலையோ நினைத்துக்கொண்டு இதில் விதைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். எனினும் வருந்துதல் வேண்டா. வண்டல் நன்றி மறவாத மண். எருவிட்டால் இரண்டே ஆண்டுகளில் நிறம் மாறிக் கருக்கும். அதனை யாம் கண்ணாரக் கண்டோம்.

ஆடிப் பட்டம் தந்த பாடம்

“ஆடிப் பட்டம் தேடி விதை” என்பதைக் கேட்டு வளர்ந்தவர் நாம். இவ்வூருக்கு வந்த முதலாண்டில் அப்பழமொழியை நம்பி, ஊரிலிருந்து கொணர்ந்த வெண்டை, கத்தரி, தக்காளி விதைகளை ஆடி மாதத்தில் விதைத்தோம். என்ன நிகழ்ந்தது? விதைத்த மூன்றாம் நாள் தொடங்கிய மழை ஒரு கிழமை நின்றபாடில்லை. பாத்தியில் நீர் தேங்கிற்று. முளைத்தவை தண்டு அழுகி வீழ்ந்தன. முளையாதவை மண்ணோடு மண்ணாயின.

பழமொழி பொய்யன்று, அது பிறந்த இடம் வேறு. தமிழ்நாட்டு உழவனுக்கு ஆடி என்பது கோடையின் வெம்மை தணிந்து, நிலம் நனையத் தொடங்கும் காலம். வங்கத்திலோ, நம் ஆடி இவர்களுக்குச் சிராவணம், மழையின் நடுப்பகுதி. இதில் இன்னொரு மயக்கமும் உண்டு. வங்காளியர் ‘ஆஷாட்’ என்று சொல்லும் மாதம் நம் ஆடி அன்று. அது நம் ஆனி. நம் சித்திரை அவர்களுக்கு வைசாகம் அன்றோ? அவ்வாறே மாதப் பெயர்கள் அனைத்தும் ஒன்று தள்ளி நிற்கின்றன. பெயரை நம்பினால் ஒரு மாதம் பிழைக்கும். பழமொழியை நம்பினால் ஒரு பருவமே பிழைக்கும்.

அழுகிய நாற்றுகளை யாம் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தபோது, அடுத்த வீட்டு வங்காளி அம்மையார் மதிலருகே வந்தார். மாஷிமா என்று இந்தத் தெருவே அவரை அழைக்கும். “பூஜை முடியட்டும், அப்புறம் விதைக்கலாம். மழை போகாமல் மண்ணைத் தொடக்கூடாது” என்றார். அவ்வொரு சொல்லே எமக்கு வேளாண்மைக் கல்லூரி ஆயிற்று. அவர் சொன்னதையும் பின்னர் யாம் கண்டதையும் சேர்த்து, இம்மண்ணின் பட்டங்களை மூன்றாக வகுத்துச் சொல்லுவோம்.

முதற்பட்டம் துர்கா பூஜை முடிந்தபின். ஐப்பசியில் தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைக்கோசு, காலிபிளவர் ஆகியவற்றின் நாற்றை நடலாம். முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயம், பாலக் ஆகியவற்றை நேரே விதைக்கலாம். நம் ஊர்க் கோடையில் ஓர் அங்குலம் வளரத் தயங்கும் கொத்தமல்லி, இங்கே மார்கழிக் குளிரில் பாய் விரித்தாற்போல் வளரும். தோட்டம் புதிதாகத் தொடங்குவோர்க்கு இதுவே உகந்த காலம். பூச்சி குறைவு, வெயில் இதம், தோல்வி அரிது.

இரண்டாம் பட்டம் மாசி மாதம், சரஸ்வதி பூஜையை ஒட்டி. வெண்டை, காராமணி, புடல், பாகல், பீர்க்கு, சுரை, தண்டுக்கீரை ஆகியவை வெயிலை விரும்புவன. வெண்டை விதையை ஓரிரவு ஊறவைத்து விதைத்தால் விரைந்து முளைக்கும். சித்திரை, வைகாசியில் காய் பறிக்கலாம். கால்வைசாகி எனப்படும் மாலைப் புயல்காற்று வீசும் காலமாதலால், பந்தலை உறுதியாகக் கட்டுதல் வேண்டும்.

மூன்றாம் பட்டம் மழைக்காலம். விதைக்கு அன்று, கன்றுக்கும் தண்டுக்கும் உரிய காலம் இது. ரதயாத்திரைச் சந்தைகளில் இவ்வூரார் பலவகைக் கன்றுகளை வாங்கிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அஃது அழகிய மரபு மட்டுமன்று, அறிவுடைய மரபும் ஆகும். கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றுகளை அப்போது நடலாம். கொடிப்பசலையும் வள்ளைக்கீரையும் தண்டு ஒடித்து நட்டாலே தழைக்கும். இவ்விரண்டையும் இவர்கள் பூயி சாக், கல்மி சாக் என்பர். பெயர் வேறு, கீரை ஒன்றே.

தொடங்கும் முறை

முற்றம் உடையோர் சிலர். மாடியும் பலகணியும் உடையோர் பலர். எவராயினும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே. காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் வெயில் எங்கே விழுகிறது எனப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரைகளுக்கு மூன்று, நான்கு மணி நேரமே போதும். வடக்குப் பலகணியில் தக்காளி நட்டுவிட்டு, காய்க்கவில்லையே என்று விதையைப் பழித்தல் முறையன்று.

மாடியில் வைப்போர் எடையைக் கருதுக. பத்தடிக்குப் பத்தடிப் பரப்பில் ஓர் அடி உயரம் ஈரமண்ணை நிரப்பினால் அதன் எடை ஏறத்தாழ ஐந்து டன். பழைய கூரைகள் அதனைத் தாங்கா. ஆதலால் மாடி முழுதும் மண் பரப்பாமல், தொட்டிகளைச் சுவரோரமாகவும் தூண்களுக்கு மேலாகவும் வரிசைப்படுத்துக. தளத்தின்மேல் நேரே வையாமல் செங்கல் மேல் வைத்தால் நீர் வடியும், கூரையும் கசியாது.

கத்தரிக்கும் தக்காளிக்கும் பன்னிரண்டு அங்குலத் தொட்டி வேண்டும். கீரைக்கு ஆறங்குல ஆழமுள்ள எந்தப் பழைய தட்டும் போதும், அடியில் துளை இருந்தால். மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய சாணமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு அரைப் பங்கு என்பது எமக்குப் பயன் தந்த கலவை. மக்காத பச்சைச் சாணத்தை மட்டும் இடாதீர்கள், வேர் கருகும்.

இன்னொரு சொல். முதலாண்டிலேயே ஐம்பது தொட்டி வாங்குவோர் இரண்டாமாண்டில் ஐம்பது வெறுந்தொட்டி வைத்திருப்பர். ஐந்து தொட்டியில் தொடங்குங்கள். கொத்தமல்லி, ஒரு கீரை, ஒரு கத்தரி, ஒரு மிளகாய், ஒரு கறிவேப்பிலை. லேக் மார்க்கெட்டுக்குப் பேருந்தேறிச் சென்று கறிவேப்பிலை வாங்கிய தலைமுறையினர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அத்தாய்மார்களுக்கு அந்த ஐந்தாம் தொட்டியின் அருமையை யாம் சொல்ல வேண்டியதில்லை.

எருவும் கழிவும்

திருக்குறளில் உழவுக்கெனவே ஓர் அதிகாரம் உண்டு. ஏர் ஓட்டுதலினும் எருவிடுதல் நன்று என்றும், களை பறித்தபின் நீர் பாய்ச்சுதலினும் காத்தல் நன்று என்றும் வள்ளுவர் அதில் வரிசைப்படுத்துகிறார். எருவைப் பற்றி இப்போது சொல்லுவோம்; காப்பைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம்.

எருவை அறிய நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் நகரின் கிழக்கெல்லையைத் தாண்டினால் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள். இம்மாநகரின் கழிவுநீர் அங்கே குளங்களில் தேங்கி, வெயிலாலும் பாசியாலும் தூய்மையுற்று, மீனாகிறது. தாப்பாவில் குப்பை மேட்டருகே காய்கறி விளைகிறது. ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்நிலம் 2002ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மீனவரும் உழவரும் தலைமுறைகளாகக் கையாண்ட இம்முறையின் அருமையை உலகுக்கு எடுத்துரைக்கவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பொறியியலார் துருவஜோதி கோஷ். அவர் 2018இல் மறைந்தார். ஒரு மாநகரமே தன் கழிவை உணவாக்கும்போது, ஒரு வீட்டின் அடுக்களை அதைச் செய்யலாகாதா?

செய்யும் வகை எளிது. மூடியுள்ள இரண்டு வாளிகள் எடுத்துப் பக்கங்களில் துளையிடுக. காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு ஆகியவற்றை இட்டு, அதனினும் இரு மடங்கு காய்ந்த சருகை மேலே தூவுக. சமைத்த உணவும் எண்ணெயும் மீன் கழிவும் வேண்டா, எலி வரும். தேயிலையில் பாலும் சர்க்கரையும் இருந்தால் கழுவிவிடுக. ஒரு வாளி நிறைந்ததும் மூடிவைத்து, கிழமைக்கு ஒரு முறை கிளறி, மற்றதை நிரப்புக. இரண்டு, மூன்று மாதத்தில் மழை பெய்த மண்ணின் மணம் வரும். அதுவே எரு.

வங்காளத் தோட்டக்காரர் கையாளும் ஒரு முறையையும் கற்றுக்கொண்டோம். கடுகுப் பிண்ணாக்கை நீரில் ஐந்தாறு நாள் ஊறவைத்து, தெளிவை எடுத்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஊற்றுவர். செடி கருகருவெனத் தழைக்கும். நாற்றம் மட்டும் பொறுத்தற்கரியது. விருந்தினர் வரும் நாளில் ஊற்றாதீர்கள்!

நாள்தோறும் செல்லுதல்

உரியவன் சென்று பாராவிட்டால் நிலம் மனைவியைப்போல் ஊடிவிடும் என்பதும் வள்ளுவர் கருத்து. இது தொட்டிக்கும் பொருந்தும். காலையில் காப்பி அருந்தும் கால் மணி நேரத்தை மாடியில் கழியுங்கள். விரலை ஓரங்குலம் மண்ணில் இட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் நீர் வேண்டா. செடி வாடி இறப்பதைவிட, அன்பு மிகுந்து நீர் ஊற்றி அழுகி இறப்பதே நம் வீடுகளில் மிகுதி.

உயர்ந்த மாடிகளில் தேனீ வருவது குறைவு. ஆகவே, பூசணியும் சுரையும் பூத்தும் காய்க்கவில்லை என்பர். ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிடுங்கள். பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும், அதுவே அடையாளம். பூசணிக்கும் பாகலுக்கும் இதைக் காலையில் செய்க. சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்வன. அவற்றுக்கு மாலையில் செய்க. எம் வீட்டுப் பேத்தி இவ்வேலையைத் தன் உரிமையாக்கிக்கொண்டாள். சுரைப்பூ மாலையில்தான் மலரும் என்பதை அவள் கண்டறிந்து எமக்குச் சொன்னாள்; அறுபது ஆண்டுகள் சுரைக்காய் உண்டும் யாம் அதை அறிந்திலோம்.

கத்தரியின் நுனிக்குருத்து வாடினால் உள்ளே புழு என்று பொருள். அந்நுனியைக் கிள்ளி அழித்துவிடுக. அவரையில் அசுவினி மொய்த்தால் நீரைப் பீச்சிக் கழுவுக. அடங்காவிடின் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் கலந்து மாலையில் தெளிக்க. கறிவேப்பிலையைத் தின்னும் பச்சைப் புழுவை மட்டும் முற்றும் அழிக்க வேண்டா. அது வண்ணத்துப்பூச்சியாகும். நாலு இலை அதற்கும் உரியதே.

காப்பு

இப்போது, வள்ளுவர் நீரினும் மேலாக வைத்த காப்பைப் பற்றி. இதைச் சொல்லுவதற்கு எமக்கு நாணமாக இருக்கிறது. எனினும் சொல்லாமல் விட்டால் இவ்வுரையால் பயனில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு புரட்டாசி மாதம். தளம் கறைபடாதிருக்க எல்லாத் தொட்டிகளின் கீழும் தட்டுகள் வைத்திருந்தோம். மழைநீரும் ஊற்றும் நீரும் அவற்றில் நின்றன. நகராட்சி நலப்பணிப் பெண்மணி ஒருவர் வந்தார். கைவிளக்கைத் தட்டில் அடித்தார். நூல் துண்டுகள்போல் புழுக்கள் துள்ளின. ஒன்றில் அல்ல, பதினொரு தட்டுகளில். அவர் ஒன்றும் கடிந்து சொல்லவில்லை. கவிழ்த்துவிட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

அதே கிழமையில் மாஷிமாவின் பெயர்த்தி டெங்குக் காய்ச்சலில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். பத்து நாள்! இரத்தத் தட்டணு இறங்கிக்கொண்டே வந்தது. அவ்வீட்டு விளக்கு இரவெல்லாம் எரிந்தது. எம் வீட்டிலும் எவரும் உறங்கவில்லை. இறைவன் அருளாலும் மருத்துவர் திறத்தாலும் குழந்தை பிழைத்தாள்.

அவளைக் கடித்த கொசு எம் தட்டில் பிறந்ததா, வேறெங்கேனும் பிறந்ததா, எவரும் சொல்ல இயலாது. ஆனால் பிறக்கவில்லை என்று யாம் சொல்ல இயலாதன்றோ? அதுதான் இன்றும் எம்மை வருத்துகிறது. விதைக்கும் காலத்தை எமக்குக் கற்பித்த வீட்டுக்கு, யாம் திருப்பித் தந்தது அதுவோ எனும் ஐயம். உண்மையை அவரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “இனிமேல் ஞாயிறுதோறும் நானும் மாடிக்கு வருகிறேன், சேர்ந்து பார்ப்போம்” என்றார். அன்று தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை வழக்கம் இன்றளவும் நிற்கவில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அன்று, தெளிந்த நீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதன் முட்டை காய்ந்த தட்டின் விளிம்பிலும் பல மாதம் உயிரோடு ஒட்டியிருக்கும். ஆதலால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டே வேண்டா என்பது எம் கருத்து. வைத்தே தீர வேண்டுமாயின் மணல் நிரப்பி வையுங்கள். நீர்த்தொட்டி, பழைய டயர், கவிழ்க்காத வாளி, எல்லாவற்றையும் கிழமைக்கு ஒரு நாள் பாருங்கள். தோட்டம் நம் மதிலுக்குள் இருக்கலாம். அதன் விளைவு மதிலுக்குள் நிற்பதில்லை.

கொடுத்தலும் கொள்ளுதலும்

விளைவு மதில் தாண்டுவது தீமையில் மட்டுமன்று, நன்மையிலும்தான். 2020 மே 20ஆம் நாள் அம்பன் புயல் இந்நகரைப் புரட்டியதை மறந்திருக்கமாட்டோம். எம் முற்றத்து முருங்கை அன்றிரவு முறிந்தது. காலையில் கண்டு கலங்கி நின்றோம். பிறகு, முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்னும் முதுமொழி நினைவுக்கு வந்தது. (அதன் மறுபாதி பிள்ளைகளைப் பற்றியது, இக்காலத்துக்கு ஒவ்வாது.) முறிந்த கிளைகளை நாலடித் துண்டுகளாக்கினோம். பொதுமுடக்கக் காலமாதலால் கயிற்றில் கட்டி மதிலுக்கு மேலே நீட்டி, தெருவில் ஏழு வீடுகளுக்குக் கொடுத்தோம். அவற்றுள் ஐந்து வேரூன்றின.

இன்று அவ்வைந்து மரங்களும் தை, மாசியில் பூக்கின்றன. வங்காளியர் அதனைச் சஜ்னே என்பர்; பூவையும் பொரித்து உண்பர். நாமோ காய்க்காகப் பூவைக் காப்போம். ஆகவே ஒரு மரத்தின் பூ அவர்களுக்கும் காய் நமக்குமாகப் பங்கிட்டுக்கொள்கிறோம்! மாஷிமா தந்த கொடிப்பசலைத் தண்டு எம் வீட்டில் பருப்புக் கூட்டாகிறது. அதே கொடி அவர் வீட்டில் இறாலோடு வேகிறது. எம் கறிவேப்பிலை அவர் வீட்டு மசூர்ப் பருப்பில் மணக்கத் தொடங்கி நாளாயிற்று.

அன்பர்களே! நாம் பிறந்த மண்ணை மறக்க வேண்டும் என்று யாம் சொல்லவில்லை. அவ்விதைகளைக் கொணர்ந்து இங்கே விதைப்போம். ஆனால் இம்மண்ணின் பட்டத்தில் விதைப்போம். இம்மண்ணின் பட்டத்தை அறிந்தவர் அடுத்த வீட்டிலேயே இருக்கிறார். அவரைக் கேட்கவும், அவருக்குத் தீங்கு நேராமல் காக்கவும் கற்றுக்கொண்டால், வந்தேறியவர் என்னும் சொல் நம்மை விட்டு நீங்கும்.

வேண்டுகோள் இரண்டு. சங்கத்தின் வாயிலருகே ஒரு மேசை இடுவோம். வரும் பூஜை விடுமுறைக்குப் பின் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பொட்டலம் விதையோ ஒரு தண்டோ கொணர்ந்து அதில் வைத்து, வேறொன்றை எடுத்துச் செல்லட்டும். இரண்டாவதாக, ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் மணி நேரம், உங்கள் மாடியை அடுத்த வீட்டாரோடு சேர்ந்து பாருங்கள். தட்டில் நீர் இல்லை என்பதை அறிந்தபின் பறிக்கும் கத்தரிக்காய்க்கு ஒரு தனிச்சுவை உண்டு. அதனை நீங்களும் அறிய வேண்டும் என்பதே எம் விருப்பம்.